நர்சம்மா பக்கத்தில், ஆபரேஷன் தூரத்தில்: கர்ப்பகாலக் கவனிப்பில் ஊரும் நகரமும்

என் அக்காவும் நானும் ஒரே வருடத்தில் மாசமாக இருந்தோம். அக்காவுக்கு இரண்டாவது, எனக்கு முதல். அக்கா வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில். நான் சென்னை வேளச்சேரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு. அம்மாவின் கவலையெல்லாம் அக்காவைப் பற்றித்தான். “உனக்கென்னடி, தெருவுக்கு ரெண்டு ஆஸ்பத்திரி. அவளுக்கு ராத்திரியில ஒண்ணுன்னா யார் இருக்கா?” என்று போனில் புலம்புவார்.

அம்மா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி எனக்கு அந்த ஒன்பது மாதத்தில்தான் புரிந்தது.

அக்காவுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கிராம சுகாதார செவிலியர் வாசலுக்கே வந்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் நர்சம்மா. பக்கத்து வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி விஷயமாக வந்தவர் காதில் யாரோ போட்டிருக்கிறார்கள். அன்றைக்கே பெயரை எழுதிக்கொண்டு, வரும் செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா போகவில்லை. புதன்கிழமை காலையிலேயே போன் வந்துவிட்டது.

எனக்கு அப்படி யாரும் இல்லை. நானாக ஒரு டாக்டரைத் தேடிப் போனபோது பதினோரு வாரம் முடிந்திருந்தது. நடுவில் ஒரு மாதம் அலுவலக வேலையில் பரிசோதனையைத் தவறவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கீழ் வீட்டுக்காரருக்கு நான் மாசமாக இருப்பதே வயிறு தெரிந்த பிறகுதான் தெரியும்.

எட்டாம் மாதம் நிலைமை தலைகீழானது. அக்காவுக்குத் தலைவலி, முகத்தில் வீக்கம். நர்சம்மா ரத்த அழுத்தம் பார்த்தார்; 150/100. உடனே 108-ஐ அழைத்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி வார்டில் படுக்கும்போது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. எனக்கு அதே நிலை வந்திருந்தால் ஆட்டோவில் பத்து நிமிடம்.

ஊர், நகரம் என்று பேசும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கவனிக்கிற ஆள் பக்கத்தில் இருக்கிறார், பெரிய சிகிச்சை தூரத்தில் இருக்கிறது. நகரத்தில் பெரிய சிகிச்சை பக்கத்தில் இருக்கிறது, கவனிக்கிற ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிக்கு இரண்டும் வேண்டும்.

கவனிப்பு என்றால் என்னென்ன?

கர்ப்பகாலக் கவனிப்பு என்றதும் பலருக்கு ஸ்கேனும் பிரசவ அறையும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அதில் பெரும்பகுதி மிகச் சாதாரணமான வேலைகள். எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஹீமோகுளோபின் பார்ப்பது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது, சர்க்கரைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுப்பது, ரத்த வகை, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி வகை ஆகியவற்றுக்கான பரிசோதனை, ரண ஜன்னித் தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை. இதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். ஒரு நர்ஸ், ஒரு மேசை, ரத்த அழுத்தக் கருவி, சின்ன ஆய்வகம், அவ்வளவு போதும். ஆனால் ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடுகிற வேலை இல்லை இது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறை பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏன் என்றால், போன மாதம் 110/70 இருந்த ரத்த அழுத்தம் இந்த மாதம் 140/90-ஐத் தொட்டால்தான் அது செய்தி. ஒரே ஒரு முறை எடுத்த எண்ணில் அது தெரியாது.

இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, ஊரிலும் நகரத்திலும். கிடைப்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. குமட்டல் வரும், மலச்சிக்கல் வரும். போதாததற்கு “மாத்திரை சூடு”, “பிள்ளை கறுத்துப் போகும்”, “பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்” என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எதுவுமே உண்மையில்லை என்றாலும் மாத்திரை அட்டை அலமாரியிலேயே கிடக்கும்.

எங்கள் நர்சம்மா ஒருநாளும் “மாத்திரை சாப்பிடுறியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகமாட்டார். அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அக்காவைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், “வெளிக்குக் கருப்பா போகுதா?” என்று கேட்டார். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் மலம் கருப்பாகும். அக்கா திருதிருவென்று முழித்தாள். நர்சம்மா திட்டவில்லை. “ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, குமட்டாது. டீ, காபியோட மட்டும் போடாதே. ஒரு நெல்லிக்காய் கடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்த அக்காவின் மாமியாரிடம் போய்ப் பேச உட்கார்ந்துவிட்டார். மாத்திரைக்கு மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். வேளச்சேரியில் என் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு சரி. நான் எத்தனை நாள் விட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் பின்னால் முப்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள்.

ஊரில் ஏன் எல்லாம் இருப்பதில்லை?

அரசு சுகாதார அமைப்பு படிப்படியாக அடுக்கப்பட்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. நர்சம்மாவின் இடம் அதுதான். அதற்கு மேலே சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே டாக்டர் உண்டு. தமிழ்நாட்டில் இவற்றில் மூன்று நர்ஸ்களை முறை மாற்றி வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அதற்கு மேலே வட்டார, தாலுகா மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிசேரியன், ரத்தம் ஏற்றுவது, குறைமாதக் குழந்தைக்கான சிகிச்சை ஆகியவை மேலே உள்ள படிகளில்தான். தமிழ்நாட்டில் இப்படி அவசரப் பிரசவத்தையும் பச்சிளங்குழந்தையையும் சேர்த்துப் பார்க்கும் மையங்களை ஊழியர்கள் ‘சீமாங்’ என்று சொல்வார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆபரேஷன் தியேட்டர் கட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கட்டடம் கட்டலாம். ஆனால் ஒரு சிசேரியனுக்கு மகப்பேறு மருத்துவர் ஒருவர் மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வேண்டும், ரத்தம் கையிருப்பில் இருக்க வேண்டும், குழந்தையைப் பார்க்க ஒரு டாக்டர் வேண்டும், தியேட்டர் நர்ஸ்கள் வேண்டும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கும் வேண்டும். பல இடங்களில் அறுவைச் சிகிச்சைக்கு ஆள் இருந்தும் மயக்க டாக்டர் இல்லாமல் கர்ப்பிணியை அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இன்னொன்றும் உண்டு. மாதத்துக்கு ஒரு சிக்கலான பிரசவம் வருகிற இடத்தில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கைப்பழக்கம் விட்டுப்போகும். அதனால் பெரிய சிகிச்சையைச் சில இடங்களில் குவித்துவைப்பது ஒருவகையில் தேவையும்கூட. அப்படிக் குவித்துவிட்டால், அங்கே போய்ச்சேர்கிற வழியையும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும். அது செய்யப்படாத இடத்தில்தான் கிராமத்துப் பெண் தோற்றுப்போகிறாள்.

ஸ்கேன் விஷயமும் இப்படித்தான். குழந்தையின் உறுப்புகள் சரியாக உருவாகியிருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஸ்கேன் இயந்திரத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்து யார் வேண்டுமானாலும் இயக்க முடியாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, பதிவு பெற்ற இடத்தில், தகுதியுள்ள டாக்டர்தான் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் தேவையானது. ஆனால் அப்படிப்பட்ட டாக்டர்கள் பெரும்பாலும் டவுனில் இருக்கிறார்கள். அதனால் ஊரில் இருப்பவருக்கு இந்த ஸ்கேன் என்றால் ஒருநாள் கூலி போகும், பஸ் மாறிப் போகவேண்டும், கூட ஒரு ஆள் வரவேண்டும். அறுப்பு வேலை நடக்கும்போது “அடுத்த வாரம் போகலாம்” என்று தள்ளிப்போட்டு, 24 வாரத்தில் போய் நின்றால், கண்டுபிடிக்கப்படும் பெரிய குறைபாட்டுக்கு என்ன முடிவெடுப்பது என்பதே சட்டச் சிக்கலாகிவிடும். மருத்துவ வாரியம் வரை போக வேண்டிவரும். நான் அந்த ஸ்கேனை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துவிட்டு வந்தேன். இந்த ஒரு வித்தியாசத்தை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

மூன்று தாமதங்கள்

கர்ப்பிணிகள் ஏன் இறக்கிறார்கள் என்று பேசும்போது சுகாதாரத் துறையில் எல்லாரும் பயன்படுத்தும் ஒரு கருத்து உண்டு. செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் முன்வைத்தது. சிக்கல் வந்த நேரத்திலிருந்து சிகிச்சை கிடைக்கும் நேரம் வரை மூன்று இடங்களில் தாமதம் நடக்கிறது என்றார்கள். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஆகும் தாமதம் முதலாவது. போய்ச்சேர்வதில் ஆகும் தாமதம் இரண்டாவது. போய்ச்சேர்ந்த பிறகு அங்கே சிகிச்சை தொடங்குவதில் ஆகும் தாமதம் மூன்றாவது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பிரசவத்துக்குப் பிறகு வரும் கடும் ரத்தப்போக்கை நிறுத்தாவிட்டால் நல்ல ஆரோக்கியமான பெண்ணும் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம். ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி, அதாவது வலிப்பு, வந்துவிட்டால் அதற்கும் காத்திருக்க நேரம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெக்னீசியம் சல்பேட் ஊசியைப் போட்டு அனுப்புவது இதனால்தான். ஜன்னி வராமல் அது தடுத்துவைக்கும், வழியில் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும். அக்காவுக்கும் அதைத்தான் போட்டு அனுப்பினார்கள். இரண்டு தொடையிலும் கல் மாதிரி வலித்தது என்று அவள் இன்னமும் சொல்வாள்.

இந்த மூன்று தாமதத்தையும் ஊரிலும் நகரத்திலும் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஊரில் இரண்டாவது தாமதம்தான் பெரியது, அதாவது பயணம். 2008-ல் தமிழ்நாட்டில் 108 வந்த பிறகு அது நிறையவே குறைந்தது. அதற்கு முன்னால் வாடகைக் காருக்குப் பணம் புரட்டுவதிலேயே பாதி ராத்திரி போய்விடும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் தாமதத்தை நர்சம்மா உடைக்கிறார். அக்கா வீட்டில் அன்றைக்கு, “தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டுப் படு” என்றுதான் மாமியார் சொன்னார். வீட்டு ஆம்பளைகள் தோட்டத்தில் இருந்தார்கள். யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காமல் 108-க்குப் போன் போட்டவர் நர்சம்மா. அந்த வீட்டில் அவருக்கு அந்த உரிமை இருந்தது. ஏழு மாதமாக வந்துபோன உரிமை.

நகரத்தில் இரண்டாவது தாமதம் கம்மி. மூன்றாவது தாமதம் பெரிதாக வாய்ப்புண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளில் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் கர்ப்பிணிகள் வந்து குவிகிறார்கள். சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. இன்றும் சிக்கலான பிரசவம் என்றால் வட மாவட்டங்களில் பலருக்கும் அதுதான் கடைசி நம்பிக்கை. அப்படிப்பட்ட இடங்களில் கூட்டமே ஒரு தடையாகிவிடும். தனியாரில் வேறு சிக்கல்: முன்பணம். கையில் காசு இல்லாதவரை நான்கு இடம் சுற்றவைத்து, கடைசியில் அரசு மருத்துவமனைக்கே அனுப்புவது நகரத்தில் நடக்கிறது. நாலு தெருவில் நாலு ஆஸ்பத்திரி இருப்பதாலேயே அது அவளுக்கு எட்டிவிட்டதாக ஆகாது.

எண்கள் என்ன சொல்கின்றன

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019–21-ல் நடந்தது. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால், குறைந்தது 4 முறை கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போனவர்கள் நகரத்தில் 68 சதவீதம், கிராமத்தில் 54 சதவீதம். ஆஸ்பத்திரியில் பிரசவமானது நகரத்தில் 94 சதவீதம், கிராமத்தில் 87 சதவீதம். கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நகரத்தில் 46 சதவீதம், கிராமத்தில் 54 சதவீதம்.

இந்த மூன்று வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடப்பதில் ஊருக்கும் நகரத்துக்கும் இடைவெளி 7 புள்ளிதான். பரிசோதனையில் இடைவெளி அதைப்போல இரண்டு மடங்கு. 2005–06-ல் நாட்டில் 39 சதவீதப் பிரசவம்தான் ஆஸ்பத்திரியில் நடந்தது. பதினைந்து வருடத்தில் அது 89 ஆனது. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தால் பணம் என்று 2005-ல் தொடங்கிய ஜனனி சுரக்‌ஷா திட்டத்துக்கு இதில் பங்குண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்வது ஒருநாள் விஷயம். ஒன்பது மாதமும் கவனிக்கப்படுவது அதே வேகத்தில் வளரவில்லை. ரத்தசோகையோடு ஒன்பது மாதம் இருந்துவிட்டு, பிரசவ நாளில் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்ணுக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்காது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் பணத்தைத் தவணைகளாகப் பிரித்து, 12 வாரத்துக்குள் பதிவு செய்வது, பரிசோதனைக்கு வருவது, தடுப்பூசி போடுவது என்று நிபந்தனை வைத்ததை நான் நல்ல யோசனையாக நினைப்பது இதனால்தான். ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து அது 18,000 ரூபாய்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஒரு லட்சம் பிறப்புக்கு 2001–03-ல் 134 தாய்மார் இறந்தார்கள், 2018–20-ல் 54. அதே 2018–20-ல் இந்தியாவுக்கு 97, கேரளத்துக்கு 19. இங்கே ஒவ்வொரு தாயின் மரணத்தையும் மாவட்ட அளவில் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள்: எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எங்கே காத்திருந்தார், ரத்தம் எப்போது ஏற்றினார்கள். மூன்று தாமதமும் அந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது.

இன்னொரு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். சிசேரியன், நாடு முழுக்க நகரத்தில் 32 சதவீதம், கிராமத்தில் 18 சதவீதம். தமிழ்நாட்டில் மொத்தமாகவே 45 சதவீதம்; தனியாரில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. நகரத்துக்கு அதிக வசதி என்பதன் இன்னொரு முகம் இது. பிரசவத்தில் அடைப்பு ஏற்பட்டுச் சிசேரியனுக்காகத் துடிக்கிற பெண்ணுக்கு அது கிடைக்காமல் போவது ஆபத்து. தேவையே இல்லாத பெண்ணுக்கு நல்ல நேரம் பார்த்து வயிற்றைக் கிழிப்பதும் ஆபத்துதான். அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தையலில் ஒட்டிக்கொள்ளும் சிக்கல் வரலாம். இதில் நான் டாக்டர்களை மட்டும் குறைசொல்லவில்லை. வீட்டிலேயே நாளும் நட்சத்திரமும் குறித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நகரத்துக்குள் இருக்கும் கிராமம்

சராசரி எண்ணில் நகரம் எப்போதும் முன்னால் நிற்கும். ஆனால் நகரம் என்பது வேளச்சேரி மாடி வீடு மட்டும் இல்லையே. கட்டுமான இடத்தில் தகரக் கொட்டகையில் இருக்கும் ஒடிசாப் பெண்ணும் நகரவாசிதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, முகவரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், கணவனுக்கு ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போகும். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம் என்று 2011-லிருந்து நாடு முழுக்கத் திட்டம் இருக்கிறது. அவளிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. கிராமங்களுக்கான சுகாதார இயக்கம் 2005-ல் தொடங்கியது. நகரங்களுக்கானது 2013-ல்தான் வந்தது. எட்டு வருடம் பின்னால். கிராமத்தில் 5,000 பேருக்கு ஒரு நர்சம்மா என்றால், நகரத்துக்கு வகுத்த கணக்கு ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர். அதுவும் வீடு மாறிக்கொண்டே இருக்கும் பத்தாயிரம் பேர். பூட்டிய கேட், கேள்வி கேட்கும் செக்யூரிட்டி, பகலில் ஆளில்லாத வீடுகள். ஊரில் நர்சம்மாவுக்குச் சேதி சொல்ல ஒரு பக்கத்து வீடு இருக்கிறது. இங்கே அது இல்லை.

சென்னையின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். தலைமுறையாக நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போய் வந்த ஆஸ்பத்திரிக்கு இப்போது இரண்டு பஸ். கணக்கெடுப்பில் அவர்கள் நகரம். தூரத்தில் அவர்கள் என் அக்காவுக்குச் சமம், பக்கத்தில் ஒரு நர்சம்மா இல்லாமல்.

கிராமம் என்பதும் ஒன்றே ஒன்று இல்லை. சாலையோரக் கிராமமும் ஜவ்வாது மலைக் கிராமமும் எப்படி ஒன்றாகும்? வண்டி ஏறாத மலையூர்களில் இன்றைக்கும் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள்: வலி வரும்வரை மேலே இருக்காமல், நாள் நெருங்கும்போதே கீழே வந்து தங்கிக்கொள்ளலாம். யோசனை எளிமையானது, ஆனால் வீட்டில் இருக்கிற மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, ஆடு மாடு என்னாவது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் ஒரு பெண்ணால் வந்து தங்க முடியும். இலங்கையில் கணக்கெடுப்புகளிலேயே நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் தமிழ்ப் பெண்களின் நிலையைக் கிராமத்தோடு சேர்த்தால் அது மறைந்துபோகும் என்பதால் அந்தத் தனி வரி தேவைப்படுகிறது. நாமும் மலைக்கு ஒரு தனி வரி போட்டுப் பார்க்கலாம்.

வளைகாப்புக்கு அப்புறம்

கடைசியாக, நம் ஊர்ப் பழக்கத்தில் இருக்கும் ஒரு விஷயம். முதல் பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கும் அப்படித்தான். அம்மா கையால் சாப்பிட்டு, மடியில் படுத்து, அது ஒரு பெரிய ஆறுதல். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் கவனிப்பு என்ற கண்ணால் பார்த்தால், ஆபத்து கூடுகிற மாதத்தில் நம்மைத் தெரிந்த டாக்டரையும் நர்ஸையும் விட்டுவிட்டுப் புதிய இடத்துக்குப் போகிறோம். பலர் இப்படித்தான் நகரத்திலிருந்து கிராமத்துக்கோ, கிராமத்திலிருந்து நகரத்துக்கோ நடுவில் மாறுகிறார்கள்.

நான் ஒன்பதாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போனபோது ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் சென்னை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டேன். அங்கே பார்த்த டாக்டர், “நஞ்சு எங்க இருந்துச்சுன்னு ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயல்வதே உயிருக்கு ஆபத்து. அது தெரியாமல் அவரால் எதுவும் சொல்ல முடியாது. மறுபடி ஸ்கேன், மறுபடி ரத்தம். நல்லவேளை, வலி வருவதற்கு முந்தின வாரமே போயிருந்தேன்.

அதனால் தாய் வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்வது: வளையல், சேலைக்கு முன்னால் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பையில் வையுங்கள். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், ரத்த வகை எழுதிய தாளும் அதற்குள் இருக்கட்டும். போனில் படமும் எடுத்துவையுங்கள். தனியாரில் பார்த்தாலும் அரசுப் பதிவில் ‘பிக்மி’ எண் வாங்கிவிடுங்கள். அந்த எண் நீங்கள் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் கூடவே வரும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். போன மறுநாளே அந்த ஊர் நர்சம்மாவைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ராத்திரி என்றால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரம் ஆகும், கூட யார் வருவார்கள் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் வீக்கம், ரத்தம் படுவது, நீர் உடைவது, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104. நகரத்தில் இருந்தால் உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வேளச்சேரியில் ஒன்பது மாதம் இருந்தும் அது எங்கே என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு அன்றைக்கு ராத்திரியே சிசேரியன் ஆனது. பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது, வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே நர்சம்மா வாசலில் எடை பார்க்கும் தராசோடு நின்றிருந்தார்.